பொம்மை மோட்டரில் 0.1 வோல்ட்டுதான் வருகிறது, எல்.ஈ.டி. எரியவில்லை – உதவி தேவை

நோர்வூட் அப்பா:
மகள் தரம் 10. பாடசாலைக் கண்காட்சிக்கு நீர்மின் நிலைய மாதிரி ஒன்று செய்கிறோம். பழைய பொம்மைக் கார் மோட்டரின் அச்சில் ஒரு சில்லு மாட்டி, அதைச் சுற்றி எட்டு பிளாஸ்டிக் கரண்டி ஒட்டியிருக்கிறோம். லயத்துப் பைப்புக்குக் கீழே பிடித்தால் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் வெள்ளை எல்.ஈ.டி. எரியவே இல்லை. மீற்றர் 0.1 வோல்ட்டு காட்டுகிறது. மோட்டர் பழுதா, தண்ணீர் போதாதா? வெள்ளிக்கிழமை கொண்டுபோக வேண்டும்.

வைண்டிங் தம்பி:
மோட்டர் நல்ல மோட்டர்தான் அண்ணே. தண்ணீரும் போதும், கணக்குப் பாருங்கள். பைப்பில் நிமிடத்துக்கு 6 லீற்றர் வந்து 1 மீற்றர் விழுகிறது என்று வைத்தால், செக்கனுக்கு 0.1 கிலோ × 9.8 × 1, கிட்டத்தட்ட 1 வாற்று. எல்.ஈ.டி.க்கு 0.06 வாற்று போதும். பத்தில் ஒன்பது பங்கு வீணானாலும் மிச்சம் இருக்கிறது.

குறைவது வேகம். காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு வோல்ட்டு வரும். இந்த மோட்டர் 3 வோல்ட்டில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுவது. உங்கள் சில்லு இருநூறு சுற்றினாலே பெரிது. சில்லைத் தனி அச்சுக்கு மாற்றி, அதே அச்சில் ஒரு பழைய சீடியைப் பொருத்துங்கள். சீடி விளிம்பிலிருந்து மோட்டர் அச்சுக்கு ரப்பர் வளையம் போடுங்கள். அச்சில் பேனாக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினால் வளையம் வழுக்காது. அப்புறம் வெள்ளைக்கு 3 வோல்ட்டு வேண்டும், சிவப்புக்கு 2 அளவில் போதும். எரியாவிட்டால் எல்.ஈ.டி. கால்களை மாற்றிப் பிடித்துப் பாருங்கள்.

விஞ்ஞான டீச்சர்:
தண்ணீர் விழும் பீலி மேட்டில் இருந்தால் அங்கிருந்து ஹோஸ் இழுத்து நுனியை ஒடுக்குங்கள். உயரம் நாலு மடங்கானால் தண்ணீரின் வேகம் இரு மடங்காகும். கரண்டியின் குழி தண்ணீரைப் பார்த்து இருக்கட்டும். பழைய லக்சபான நீர்மின் நிலையத்தின் பெல்டன் சுழலியும் இப்படித்தான், பீச்சும் தண்ணீர் கிண்ணங்களில் அடித்துத்தான் சுற்றுகிறது.

நோர்வூட் அப்பா:
இன்று மாலை செய்து பார்க்கிறேன். மகள் ஒன்று கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத் தண்ணீர் நோர்ட்டனில் விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலியைச் சுழற்றிவிட்டு, திரும்பவும் லக்சபானவின் சுழலியைச் சுழற்றுகிறதாமே. சக்தியை எடுத்த தண்ணீரில் மறுபடி எப்படிச் சக்தி இருக்கும்?

விஞ்ஞான டீச்சர்:
அருமையான கேள்வி, பிள்ளையைப் பாராட்டுங்கள். தண்ணீர் செலவாகவில்லை, இறங்கிய உயரம்தான் செலவானது. காசல்ரீயிலிருந்து நோர்ட்டன் வரை இறங்கியதற்கான அழுத்தசக்தி, அதாவது உயரத்தில் இருப்பதால் உள்ள சக்தி, இயக்கசக்தியாகி, சுழலி வழியாக மின்சக்தியாகிவிட்டது. ஆனால் நோர்ட்டன் குளம் பழைய லக்சபான நிலையத்துக்கு மேலே, நல்ல உயரத்தில் இருக்கிறது. அந்த இறக்கத்துக்கான பங்கை யாரும் இன்னும் தொடவில்லை. 1950இல் ஓடத் தொடங்கிய லக்சபான அதைத்தான் எடுக்கிறது. அதற்கும் கீழே பொல்பிட்டிய நிலையம் மிச்ச இறக்கத்தை எடுக்கிறது. உங்கள் ஊர் மலைச்சரிவு அந்தத் தண்ணீருக்குப் படிக்கட்டு மாதிரி.

நோர்வூட் அப்பா:
எரிந்துவிட்டது! பீலியிலிருந்து நாலு மீற்றர் கீழே ஹோஸ் பிடித்தோம். சீடியும் ரப்பர் வளையமும் போட்ட பிறகு மீற்றரில் 2.3. முதலில் எரியவில்லை, காலை மாற்றியதும் சிவப்பு பளிச்சென்று வந்தது. தம்பிக்கும் டீச்சருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது மகள் இன்னொரு பொம்மை மோட்டர் கேட்கிறாள். கொட்டும் தண்ணீரை யோகர்ட் கப்பில் பிடித்து, கீழ்ப்படியில் இரண்டாவது சில்லு வைக்கப்போகிறாளாம். மேலே நோர்ட்டன், கீழே லக்சபான என்று அட்டையில் எழுதியும் விட்டாள்.