விடுபட்ட ஆர்குமென்ட்டும் அன்டிஃபைன்டும் ஒன்றுதானா?

அனைவருக்கும் வணக்கம். ஜாவாஸ்கிரிப்டின் விவரக்குறிப்பான எக்மாஸ்கிரிப்டில், ஃபங்ஷனுக்கு அனுப்பப்படாத ஆர்குமென்ட் (அதற்குக் கொடுக்கும் உள்ளீடு) பொதுவாக அன்டிஃபைன்ட் (மதிப்பு எதுவும் தரப்படவில்லை என்பதைக் குறிக்கும் மதிப்பு) என்றே கொள்ளப்படுகிறது. 2015 பதிப்பில் வந்த டிஃபால்ட் மதிப்புகளும், ஆர்குமென்ட் விடுபட்டாலும் அன்டிஃபைன்டையே அனுப்பினாலும் ஒரே மாதிரிதான் செயல்படுகின்றன. ஆனால் அரேயிலிருந்து (பட்டியலிலிருந்து) உறுப்புகளை நீக்கும் ஸ்ப்ளைஸ் அப்படியல்ல. 5 உறுப்புகள் உள்ள அரேயில் அதற்குத் தொடக்க இடமாக 2 மட்டும் கொடுத்தால் (இடங்கள் 0-இலிருந்து எண்ணப்படும்) கடைசி மூன்றும் நீங்குகின்றன; கூடவே, நீக்க வேண்டிய எண்ணிக்கையாக அன்டிஃபைன்டையும் கொடுத்தால் ஒன்றுகூட நீங்குவதில்லை. அதைச் சுற்றி நான் எழுதிய ஃபங்ஷன் இரண்டாவது ஆர்குமென்ட்டை எப்போதும் கடத்தியதால், நீக்க வேண்டிய பதிவுகள் அப்படியே தங்கிவிட்டன.

வரும் ஆர்குமென்ட்டுகளை ரெஸ்ட் பராமீட்டரில் ஒரே அரேயாக வாங்கி, ஸ்ப்ரெட் மூலம் மீண்டும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பினால் போதுமா, அல்லது ஆர்குமென்ட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் தனித்தனியாக அழைப்பதுதான் முறையா? இவ்வேறுபாட்டைக் காட்டும் ஃபங்ஷன்களில், அரேயை ஒரே மதிப்பாகச் சுருக்கும் ரெட்யூஸ் எனக்குத் தெரியும். வேறு எவை என்று அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.