மறு: ஜானர் – வகையா, வகைமையா, இசையினமா?

வணக்கம்.

> 'வகை' போதுமே. எதற்கு இன்னொரு சொல்?

போதாது ஐயா. ஜாஸ், ராக் என்று இசையைப் பிரிக்கும் 'ஜானர்' (genre) என்ற சொல்லுக்குத்தானே தமிழ் தேடுகிறோம்? நாம் மொழிபெயர்க்கும் பாட்டுச் செயலியில் 'கோப்பு வகை' என்று ஒரு நெடுவரிசை ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்திலேயே வெறும் 'வகை' வந்தால், அதில் இருக்கப்போவது எம்பி3யா ஜாஸா என்று பயனர் முழிப்பார். 'பாணி'யும் சரிவராது. ஒரே ஜாஸுக்குள் ஆளுக்கொரு பாணி உண்டு.

'இசையினம்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வேண்டாம். 1949 வரை அமெரிக்காவின் பில்போர்டு இதழ் கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' (இன இசைத்தட்டுகள்) என்றுதான் பட்டியலிட்டது. அப்புறம்தான் அது 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' ஆனது. இசையில் 'இனம்' என்றதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

இலக்கியத்தில் 'வகைமை' நன்றாகவே புழங்குகிறது. என் வாக்கு அதற்கே.

சொல் முடிந்தாலும் தொல்லை முடியவில்லை. பாட்டின் பெயர், பாடகர் போன்ற விவரங்களை எம்பி3 கோப்புக்குள்ளேயே எழுதிவைக்க 1996இல் வந்த ஐடி3 (ID3) முறையில் ஜானருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பைட். 80 பெயர்கள், பாட்டுக்கு ஒரு எண். 0 ப்ளூஸ், 17 ராக். இரண்டிலும் கால் வைத்த பாட்டை எங்கே போடுவது? 12இல், அதாவது 'மற்றவை'யில். (என் சேகரிப்பில் பாதி அங்கேதான் கிடக்கிறது.) அந்தப் பட்டியலையே பாருங்கள்: 'டான்ஸ்' பயனை வைத்து, 'ஓல்டீஸ்' வயதை வைத்து, 'சவுண்ட்டிராக்' எங்கிருந்து வந்தது என்பதை வைத்து, 'இன்ஸ்ட்ருமென்டல்' பாடகர் இல்லாததை வைத்து. ஹிப்ஹாப்புக்கு 7, ராப்புக்கு 15! பிரிக்கும் அளவுகோலே நான்கைந்து இருக்கும்போது ஒரு பாட்டு ஒரு கட்டத்துக்குள் எப்படி அடங்கும்?

நம் இலக்கணம் இதற்கு முன்பே இடம் விட்டிருக்கிறது. தொல்காப்பியம் திணைகளைப் பிரித்த கையோடு, திணை மயங்குவதற்கும் தடையில்லை என்கிறது. எனவே இரண்டு மூன்று கலந்து வருவதை 'வகைமை மயக்கம்' எனலாமா?

———

வகைமைக்கு என் ஆதரவும். ஆனால் 'வகைமை மயக்கம்' என்று பொத்தானில் போட்டால் தலைசுற்றலுக்கு மருந்து என்று நினைத்துவிடுவார்கள்.

———

:-) சரி, மயக்கம் கட்டுரைகளோடு இருக்கட்டும். பொத்தானில் 'கலப்பு' போதும். நெடுவரிசைத் தலைப்பை மட்டும் 'வகைமைகள்' என்று பன்மையில் போடுங்கள். ஐடி3யின் பிந்தைய பதிப்பு ஒரு பாட்டுக்குப் பல மதிப்புகளை ஏற்கிறது. ஒருமையில் போட்டால் யாரும் இரண்டாவதை நிரப்ப மாட்டார்கள்.