ஹோனிங் ராடுக்குத் தமிழில் என்ன? தீட்டுகோலா, நிமிர்த்துகோலா?

அனைவருக்கும் வணக்கம். ஹோனிங் ராடுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> ஹோனிங் ராடு என்றால் கத்தியைத் தீட்டும் கம்பிதானே? ‘தீட்டுகோல்’ என்று வைத்துவிடலாம். சொல்லும் எளிது, கேட்டதும் புரியும்.

சொல் எளிதுதான் ஐயா. கேட்டதும் தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. அந்தக் கோல் கத்தியைத் தீட்டுவதில்லை. ஓவியம் தீட்டும் தூரிகைக்கும் தீட்டுகோல் என்ற பெயர் உண்டு என்று சென்ற மடலில் ஒருவர் சொன்னார். அதைக்கூட விட்டுவிடலாம், இடம் பார்த்துப் பொருள் கொள்வோம். செய்யாத வேலையைப் பெயரிலேயே சொல்வதைத்தான் விட முடியவில்லை.

கத்தியின் வாயில், அதாவது வெட்டும் ஓரத்தில், என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும். நல்ல சமையலறைக் கத்தியின் இரு பக்கத்தையும் பக்கத்துக்குச் சுமார் 15 முதல் 20 பாகை வரை சாய்த்துத் தேய்த்திருப்பார்கள். அந்த இரண்டு சாய்வும் கூடும் இடத்தில் எஃகு மிக மெல்லியது. பலகையில் பட்டுப் பட்டு அந்த ஓரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கூர் அங்கேதான் இருக்கிறது, நிமிர்ந்து நிற்காமல் படுத்துக் கிடக்கிறது. கையில் கத்தி இருந்தால் சோதித்துப் பாருங்கள். முதுகுப் பக்கமிருந்து வாயை நோக்கி நகத்தை மெல்ல நகர்த்தி, அப்படியே வெளியே எடுத்துவிடுங்கள். வாயின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டவே கூடாது. ஒரு பக்கம் நகம் வழுக்கிக்கொண்டு போகும். இன்னொரு பக்கம் கடைசி நொடியில் சின்னக் கொக்கியில் மாட்டியது போல நிற்கும். ஓரம் சாய்ந்திருப்பது அந்தப் பக்கம்தான்.

எஃகுக் கோலில் நாலைந்து முறை இரு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் அந்த ஓரம் எழுந்து நிற்கும். கோலின் முதன்மையான வேலை அவ்வளவுதான். வரியோடிய கோல் துளி எஃகைச் சுரண்டத்தான் செய்யும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேய்ந்து தட்டையாகிப்போன வாயில் புதுக்கூர் உண்டாக்க அதனால் ஆகாது. அதற்குச் சாணைக்கல் வேண்டும்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் வாங்கிய கோலின் உறையில் தமிழில் ‘கத்தி தீட்டும் கம்பி’ என்று அச்சிட்டிருந்தது. ஓராண்டுக்கு மேல் அதை மட்டுமே நம்பி இருந்தேன். முதல் சில மாதம் நன்றாக வெட்டியது. அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் கூர் வரவில்லை. தீட்டும் கம்பி தீட்டவில்லை என்றால் அழுத்தம் போதவில்லை என்றுதானே நினைப்போம்? இன்னும் அழுத்தினேன். ஒருநாள் கத்தியை விளக்கடியில் வாய் மேலே தெரியும்படி பிடித்துப் பார்த்தபோது, அடியிலிருந்து நுனி வரை வெள்ளைக் கோடு ஒன்று மின்னியது. கூரான வாயில் ஒளி தங்க இடமே இருக்காது. கோடு தெரிந்தால் அங்கே தட்டையான பரப்பு உண்டாகிவிட்டது என்று பொருள். பிறகு 1000 எண் (நடுத்தரச் சொரசொரப்பு) சாணைக்கல்லை நனைத்து வைத்துக்கொண்டு ஒரு பக்கம் தேய்த்தேன். மறுபக்கம் நெடுகப் பிசிர் (தேய்க்கும்போது ஓரத்தில் எழும் மெல்லிய எஃகு விளிம்பு) எழுந்தது விரலுக்குத் தெரிந்ததும் கத்தியைத் திருப்பினேன். அரைமணி நேரத்தில் தாளை ஓசையில்லாமல் அறுத்தது. உறையில் வேறு ஒரு சொல் இருந்திருந்தால் அந்த ஓராண்டு வீணாகியிருக்காது.

இந்த வேறுபாட்டுக்கான சொற்கள் நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கின்றன. கத்தி வாய் மடங்கிவிட்டது என்கிறோம், மழுங்கிவிட்டது என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. மடங்கியதை நிமிர்த்தலாம். மழுங்கியதைச் சாணைதான் பிடிக்க வேண்டும். ஆகவே என் முன்மொழிவு நிமிர்த்துகோல்.

> நிமிர்த்துக்கோல் என்று வல்லினம் மிக வேண்டாமா?

மிகாது அம்மா. ஊன்றுகோல், நெம்புகோல், எழுதுகோல் வரிசையில் இதுவும் வினைத்தொகை. ஊன்றிய கோல், ஊன்றுகிற கோல், ஊன்றும் கோல் என்று மூன்று காலமும் அடங்குவது போல, நிமிர்த்திய, நிமிர்த்துகிற, நிமிர்த்தும் கோல்.

மற்றப் பரிந்துரைகளில் ‘வடிகோல்’ எனக்கு மிகவும் பிடித்தது. பழைய பாட்டில் கொல்லன் வேல் வடிப்பான், அழகான சொல்லாட்சி. ஆனால் இன்று வடி என்றதும் நீரை வடிப்பதுதான் மனதில் வரும். ‘கூராக்கி’ பென்சில் சீவும் கருவிக்குப் பழகிவிட்டது. ‘ஹோனிங் ராடு’ என்றே எழுதலாம் என்பவர்களோடு சண்டை இல்லை. பேச்சில் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டுக் கருவியின் வேலையைத் தெரிந்துகொள்ள முடியாது.

வந்ததிலேயே வலுவான மறுப்பு இதுதான்:

> வைரத்தூள் பூசிய கோலும் பீங்கான் கோலும் எஃகை உண்மையாகவே தேய்க்கின்றன. அவற்றையும் நிமிர்த்துகோல் என்பீர்களா?

மாட்டேன். அவை கோல் வடிவில் இருக்கும் சாணை. அதனால் சாணைக்கோல். சாணைக்கல் இருக்கிறது, சாணைக்கோல் வரட்டும், இங்கே ‘க்’ மிகட்டும். எல்லாக் கோலுக்கும் ஒரே பெயர் என்பது கடைக்காரர்களின் பழக்கம். நாம் ஏன் அதைப் பின்பற்ற வேண்டும்? வேலைக்கு ஒரு சொல் என்று பிரித்துவிட்டால் வாங்குபவர் பெயரைப் பார்த்தே எடுத்துவிடலாம்.

கத்தி வாங்கும்போதும் இந்தப் பிரிப்பு உதவும். செருமானிய வகைக் கத்திகளின் எஃகு பெரும்பாலும் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரை இருக்கும். அது சற்று மென்மையானது, மடங்கும், நிமிர்த்தினால் நிமிரும். ஜப்பானிய வகைகள் பல 60ஐத் தாண்டும். அவை எளிதில் மடங்காது, கூரை நெடுநாள் தாங்கும். ஆனால் முரட்டுத்தனமாக நிமிர்த்துகோலில் இழுத்தால் வாயில் சில்லு தெறித்துவிடும். இந்தச் சில்லுத் தழும்புக்குப் ‘பொக்கை’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன், கத்திக்கும் வாய்தானே. ஆகவே கடினக் கத்தி வாங்குபவருக்குச் சாணைக்கல்லோ நுண்மையான பீங்கான் சாணைக்கோலோ போதும். அடிக்கடி சாணை பிடிக்கப் பொறுமை இல்லாதவர் மென்மையான எஃகும் நிமிர்த்துகோலும் வாங்கலாம். என் கையில் இருப்பது இரண்டாவது வகை, எனக்கு அது நிறைவாக இருக்கிறது.

பாகையை எப்படிப் பிடிப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். துணி விரித்த மேசையில் கோலின் நுனியை ஊன்றிச் செங்குத்தாகப் பிடியுங்கள். கத்தியை அதற்கு நேர்குறுக்காக வைத்தால் 90 பாகை. பாதியாக்கினால் 45, அதில் பாதி 22.5. அதிலிருந்து மயிரிழை குறைத்தால் 20 பாகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கத்தியின் எடையே போதும், அழுத்த வேண்டாம்.

பராமரிப்பைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடிப் பலகையிலும் கல்மேடையிலும் வெட்டாதீர்கள். நறுக்கியதை வாயால் வழித்துத் தள்ளாமல் முதுகால் தள்ளுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாமல் கையால் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். ‘துருப்பிடிக்காத எஃகு’ என்ற நம் சொல்லும் இங்கே கொஞ்சம் ஏமாற்றுகிறது. குரோமியம் 10.5 விழுக்காடாவது சேர்ந்த எஃகு எளிதில் துருப்பிடிக்காது, அவ்வளவுதான். ஈரத்தோடு கிடந்தால் புள்ளி விழும். அதற்கு மாற்றுச்சொல் தேடுவதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.

நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க என் வரையறைகள்:

நிமிர்த்துகோல்: கத்தியின் மடங்கிய வாயை நிமிர்த்தப் பயன்படும் எஃகுக் கோல்.

சாணைக்கோல்: கத்தி வாயைத் தேய்த்துக் கூராக்கும், வைரத்தூள் பூசிய கோல் அல்லது பீங்கான் கோல்.

‘பிசிர்’ பட்டறைகளில் புழங்கும் சொல், அதை மாற்ற வேண்டாம். வெட்டும் ஓரத்துக்கு ‘வாய்’ என்றே எழுதியிருக்கிறேன். ‘கருக்கு’ என்று சொல்லிப் பழகியவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். கருக்கு மடங்கியது என்று உங்கள் பக்கம் சொல்வீர்களா, மழுங்கியது என்று மட்டும்தானா? அது தெரிந்தால் வரையறையில் இரண்டு சொல்லையும் சேர்த்துவிடலாம்.