கீசரில் கடகட சத்தம், வெந்நீரும் குறைகிறது: உப்புப் படிவா?

வசந்தி (தாம்பரம்):
எங்கள் வீட்டு 15 லிட்டர் கீசர் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. போர்வெல் தண்ணீர்தான், பக்கெட்டிலேயே வெள்ளையாகப் படியும். இப்போது ஸ்விட்ச் போட்டதும் உள்ளே கடகடவென்று சத்தம். சூடேறவும் ரொம்ப நேரமாகிறது. வந்த மெக்கானிக், "காயில் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். வேறு வழி உண்டா?

முருகன்:
உப்புதான் மேடம். புதுசெல்லாம் வேண்டாம், உள்ளே சுத்தம் பண்ணச் சொல்லுங்கள்.

சேகர்:
கீசர் சர்வீஸ்தான் என் தொழில். காயில் போயிருந்தால் தண்ணீர் சூடே ஆகாது மேடம். உப்புத் தண்ணீர் சூடாகும்போது கால்சியம் கார்பனேட் பிரிந்து காயில்மேல் ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்த ஓட்டுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் கொதிப்பதுதான் நீங்கள் கேட்கிற சத்தம். காயிலைக் கழற்றி, சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் இளகிவிடும். கத்தியால் சுரண்ட விடாதீர்கள். பாத்ரூம் கழுவுகிற ஆசிட் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் முக்கியமான விஷயம். காயில் பக்கத்திலேயே விரல் தடிமனில் மக்னீசியம் ராடு ஒன்று இருக்கும். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே வைத்தது. அது இளைத்து நடுக்கம்பி தெரிந்தால் உடனே மாற்றுங்கள். பலர் காயிலை மட்டும் சுத்தம் செய்து மூடிவிடுகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது. காயில் போனால் மாற்றலாம், டேங்க் ஓட்டையானால் கீசரே போச்சு. மூடும்போது கேஸ்கெட்டும் (நீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) புதுசு போடச் சொல்லுங்கள்.

வசந்தி (தாம்பரம்):
ரொம்ப நன்றி சார். அடியில் சேர்ந்த மண்ணை நானே வெளியேற்றலாமா? தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வைத்தால் நல்லதா?

சேகர்:
செய்யலாம். கீசருக்கான எம்சிபியை (மின் பலகையில் உள்ள பாதுகாப்பு ஸ்விட்ச்) அணைத்து, தண்ணீர் நன்றாக ஆறட்டும். தண்ணீர் உள்ளே வரும் குழாயின் ஆங்கிள் காக்கை (சுவரில் உள்ள சிறு வால்வு) மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். பிறகு தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில் உள்ள ஹோஸைக் கழற்றினால் டேங்கில் உள்ளது அதன் வழியே இறங்கும், வெள்ளைத் துகளும் சேர்ந்து வரும். மாட்டியபின் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே ஸ்விட்ச். காலி டேங்கில் போட்டால் காயில் எரிந்துவிடும். தெர்மோஸ்டாட் 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம், சூடு கூடக்கூட உப்பும் வேகமாகப் படியும்.

சாஃப்ட்னருக்கு முன்னால் தண்ணீரை லேபில் கொடுத்துக் கடினத்தன்மையைப் பாருங்கள். டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைத்தான் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. குடிநீருக்கே கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தரநிலை. அதைவிட எவ்வளவு கூட என்று தெரிந்தால் செலவு செய்யலாமா என்று முடிவெடுக்கலாம். ரிப்போர்ட் வந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.