செயின்ட் ஜானா, செயின்ட் ஜான்ஸா? கனடாவின் பெயர்க் குழப்பத்தில் மாட்டியவர்கள் எழுதுங்கள்

வடகரையான்:
நான் இருப்பது நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் செயின்ட் ஜான். கடைசியில் ஒரு 'ஸ்' சேர்த்தால் அது நியூஃபவுண்ட்லாந்து தீவின் தலைநகரம். இரண்டுக்கும் இடையே சுமார் ஆயிரம் கிலோமீட்டர், குறுக்கே கடல் வேறு. போன கோடையில் கோவையிலிருந்து என் மைத்துனன் வந்தான். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் அந்த ஒற்றை எழுத்தைப் பொருட்படுத்தவில்லை.

"மாமா, வாசலில்தான் நிற்கிறேன், நீங்கள் எங்கே?" என்று போன் செய்தான். நானும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் இருவரும் தூணையும் கதவையும் அடையாளம் சொல்லித் தேடினோம். பிறகு மணி கேட்டேன். என் கடிகாரத்தில் எட்டே முக்கால், அவனுடையதில் ஒன்பதே கால். அந்த அரை மணி நேரம்தான் காட்டிக்கொடுத்தது. கனடாவில் அரை மணிக் கணக்கு வைத்திருப்பது நியூஃபவுண்ட்லாந்துதான். இந்தியக் கடிகாரத்துக்குப் பழகியவனுக்கு அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை!

அதன் பிறகு யார் வந்தாலும் ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை, விமான நிலையக் குறியீட்டைத்தான் சொல்கிறேன். எங்களுடையது ஒய்.எஸ்.ஜே. அவர்களுடையது ஒய்.ஒய்.டி.

பழைய தபால்காரர்:
பார்சல் பிரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவன் நான். இந்த இரண்டு ஊர்களும் எங்களுக்குத் தீராத தலைவலி. எழுத்தில் வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. நியூ பிரன்ஸ்விக் நகரம் 'செயின்ட்' என்ற சொல்லை முழுதாக எழுதும், சுருக்காது. நியூஃபவுண்ட்லாந்து நகரம் அதை இரண்டெழுத்தாகச் சுருக்கிப் புள்ளி வைக்கும், இறுதியில் அபாஸ்ட்ரஃபி என்ற மேல்குறியோடு 'ஸ்' சேர்க்கும். ஆனால் முகவரி எழுதுபவர்களுக்கு இந்த இலக்கணமெல்லாம் எங்கே தெரிகிறது? இணையப் படிவங்கள் பல புள்ளியையும் குறியையும் ஏற்பதே இல்லை. சிலர் மாகாணத்தின் பெயரையும் விட்டுவிடுவார்கள்.

நாங்கள் ஊர்ப் பெயரை நம்பாமல் அஞ்சல் குறியீட்டைப் பார்ப்போம். முதல் எழுத்து 'ஏ' என்றால் நியூஃபவுண்ட்லாந்து, 'ஈ' என்றால் நியூ பிரன்ஸ்விக். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நியூ பிரன்ஸ்விக்கில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் ஆட்சி மொழிகள். ஆனாலும் நகரத்தின் பெயரைப் பிரெஞ்சில் 'சேன் ழான்' என்று மாற்றுவதில்லை, ஆற்றைத்தான் அப்படிச் சொல்வார்கள். கியூபெக்கில் ரிஷெலியூ ஆற்றங்கரையில் ஒரு சேன் ழான் ஏற்கெனவே இருக்கிறது. மூன்றாவதாக ஒன்று வேண்டாம், சாமி!

ஓதம்:
செயின்ட் ஜானில் ஆறு பின்னோக்கி ஓடும் இடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். ஃபண்டி விரிகுடாவின் ஓதம் அங்கே எட்டு மீட்டருக்கு மேல் ஏறுகிறது, கடல் ஆற்றை வந்த வழியே திருப்பித் தள்ளுகிறது. பெயர்க் கதை அங்கேதான் கிடைத்தது. 1604 ஜூன் 24 அன்று பிரெஞ்சுக்காரர்களான சாம்ப்லேனும் த மோன்ஸும் ஆற்று முகத்துக்குக் கப்பலில் வந்தார்கள். அன்று திருமுழுக்கு யோவானின், அதாவது ஆங்கிலத்தில் செயின்ட் ஜானின் திருநாள், ஆகவே ஆற்றுக்கு அவர் பெயர். அமெரிக்கப் புரட்சிக்குப் பின் ஓடிவந்த பிரிட்டிஷ் விசுவாசிகள் 1785-இல் நகரம் அமைத்தபோது ஆற்றின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள்.

மற்ற ஊருக்கும் அதே ஜூன் 24-தான் சொல்கிறார்கள், 1497-இல் கடலோடி கபோட் வந்து சேர்ந்த நாள் என்று. அது மரபுக் கதை. அவர் எங்கே கரை இறங்கினார் என்பதே இன்றும் சர்ச்சையாக இருக்கும்போது, துறைமுகத்தின் பெயருக்கு மட்டும் தேதி சரியாகப் பொருந்துவது எனக்கு உறுத்துகிறது. பிரின்ஸ் எட்வர்ட் தீவும் ஒரு காலத்தில் செயின்ட் ஜான் தீவுதான். நல்ல வேளை, 1799-இல் பெயரை மாற்றிவிட்டார்கள்.

இத்தனை பேருக்கும் முன்பே அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் அதை வொலஸ்தொக் என்கிறார்கள். அழகும் வளமும் உள்ள ஆறு என்று பொருள்.

பனங்கூடல்:
யாழ்ப்பாணத்தில் செயின்ட் ஜோன்ஸ் கல்லூரி எங்களுக்குப் பரியோவான் கல்லூரி. செயின்ட் பற்றிக்ஸ், சம்பத்திரிசியார். புனிதர்களைத் தமிழாக்கி வீட்டுக்குள் வைத்துக்கொண்டவர்கள் நாங்கள்.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்களே, எங்கள் ஒழுங்கையில் இருந்த அண்ணர் அவர்களில் ஒருவர். பரியோவானில் படித்தவர். கரை சேர்த்து செயின்ட் ஜோன்ஸுக்குக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழக விடுதியில் தங்கவைத்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டபோது வந்த பதிலில் தன் பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்ததும், மொழிபெயர்ப்பாளர் தன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தாராம். தாயாருக்கு எழுதிய முதல் கடிதத்தில் 'பரியோவானில் நலமாக இருக்கிறேன்' என்றே எழுதினார். இயக்கத்துக்கும் ஆமிக்கும் நடுவில் இருந்த அந்தக் காலத்தில், மகன் பள்ளிக்கூடத்துக்குள் ஒளிந்திருக்கிறான் என்று அவர் தாயார் எண்ணி, சோற்றுப் பார்சலோடு கல்லூரி வாசலுக்கே போய்விட்டார். கடிதத்தின் தபால் முத்திரையைப் பார்க்கச் சொல்லி வழியில் யாரோ திருப்பி அனுப்பினார்கள்.

படகுகளைக் கண்ட கடற்பகுதிக்கு அருகே இருக்கும் சிற்றூர் செயின்ட் ஷொட்ஸ். அந்தப் பெயரில் புனிதர் ஒருவரும் இல்லை. பழைய பிரெஞ்சுப் பெயர் ஒன்று ஆங்கிலேயர் வாயில் மருவிப் புனிதராகிவிட்டது என்கிறார்கள்.

பரங்கிமலைக்காரி:
புனிதர் இல்லாத இன்னொரு ஊர் ஒன்டாரியோவின் செயின்ட் தாமஸ். ஆங்கிலத்தில் எங்கள் பரங்கிமலையும் செயின்ட் தாமஸ்தான் என்பதால், அப்போஸ்தலர் தோமாவைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று ஆசையோடு போனேன். அங்கே தாமஸ் என்றால் தாமஸ் டால்பட், குடியேற்றம் நடத்திய கர்னல். மரியாதைக்காகப் புனிதராக்கிவிட்டார்கள். ஊரில் சிலை வைத்திருப்பதோ யானைக்கு. 1885-இல் அங்கே ரயில் மோதி இறந்த ஜம்போ என்ற சர்க்கஸ் யானை. அந்தச் சிலைக்காகவே போகலாம்.

வடகரையான்:
ஆன்டிகுவாவின் தலைநகரும் செயின்ட் ஜான்ஸ்தான் என்று மைத்துனன் இப்போது கண்டுபிடித்திருக்கிறான். நியூஃபவுண்ட்லாந்து என்று நினைத்து கம்பளிக் கோட்டோடு அங்கே போய் இறங்கியவர் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். அவனுக்கு ஆறுதலாக இருக்கும்.