செப்டம்பர் 11-க்கு அப்புறம்: விழிப்பு எது, பயமுறுத்தல் எது?

கடலோடி:
2001-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் சரிந்ததை நேரலையில் பார்த்தவன் நான். 19 பேர், நாலு விமானம், கிட்டத்தட்ட 3,000 உயிர். அதற்கப்புறம் அமெரிக்கா கதவை இறுக்கிப் பூட்டியதைப் போய் 'பயத்தை வைத்து அரசியல்' என்கிறார்கள். எரிச்சலாக வருகிறது.

பழங்கணக்கு:
பூட்டியதை யார் கேட்டார்கள்? பூட்டிய கையோடு சம்பந்தமே இல்லாதவன் வீட்டை இடித்ததைத்தான் கேட்கிறோம். அந்த 19 பேரில் 15 பேர் சவூதிக்காரர்கள். ஈராக்கியர் ஒருவர்கூட இல்லை. 2003 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் 'ஆதாரம்' காட்டினார், மார்ச்சில் ஈராக்கில் படை இறங்கியது. சொன்ன ஆயுதக் குவியல் எங்கே?

கடலோடி:
ஈராக் தப்பு, சரி. ஆப்கானிஸ்தானை அதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். தாக்குதல் நடத்திய அல்-காய்தாவின் முகாம்கள் அங்கேதான் இருந்தன. அங்கே ஆண்ட தாலிபான், அல்-காய்தா தலைவன் பின் லேடனை ஒப்படைக்க மறுத்தது. கடுதாசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

பழங்கணக்கு:
போனதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. திரும்பத் தெரியவில்லையே! பின் லேடன் 2011 மே மாதம் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் கொல்லப்பட்டான். படை காபூலை விட்டுக் கிளம்பியது 2021 ஆகஸ்டில். நடுவில் பத்து வருஷம் எதற்கு? படையை ஏவ அதிபருக்கு அதிகாரம் கொடுத்து 2001 செப்டம்பர் 14-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தீர்மானத்தைப் படியுங்கள். எந்த நாடு என்று இல்லை, எத்தனை நாள் என்றும் இல்லை. பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர் பார்பரா லீ ஒருவர்தான்.

மூன்றாம்வரிசை:
நடுவில் நுழைகிறேன். 2002-ல் அமெரிக்காவில் பயங்கரவாத ஆபத்து எவ்வளவு என்று காட்ட ஐந்து வண்ண எச்சரிக்கை கொண்டுவந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? 2011-ல் அதைக் கைவிடும்வரை நாடு முழுமைக்கும் ஆபத்து குறைவு என்று காட்டும் பச்சையோ நீலமோ ஒரு நாள்கூட வரவில்லை. எப்போதும் மஞ்சள், இடையிடையே ஆரஞ்சு. ஆரஞ்சு என்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. புலி வருது, புலி வருது கதைதான்.

கடலோடி:
வண்ணத்தை விடுங்கள். 2001 டிசம்பரில் காலணிக்குள் வெடிபொருளோடு விமானம் ஏறியவனை அமுக்கிப் பிடித்தது பணிப்பெண்களும் பயணிகளும். 2010-ல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் கார் புகைவதைக் கவனித்துப் போலீசிடம் சொன்னது தெருவோர வியாபாரிகள். விழிப்பு வேலை செய்கிறது.

பழங்கணக்கு:
அதில் ஒன்றுக்காவது அரசாங்கம் ஊரார் போன் விவரத்தை எல்லாம் அள்ள வேண்டியிருந்ததா? 2009 கிறிஸ்துமஸ் அன்று உள்ளாடையில் வெடிபொருளோடு விமானம் ஏறியவனைப் பற்றி அவன் தகப்பனே முந்தைய மாதம் அமெரிக்கத் தூதரகத்தில் போய்ச் சொல்லியிருந்தார். அப்படியும் ஏறினான். அள்ளிக் குவித்தால் இப்படித்தான், குவியலில் ஊசி தொலையும். இன்னொன்று. 2005 ஜூலையில் லண்டன் குண்டுவெடிப்புக்கு இரண்டு வாரம் கழித்து, பயங்கரவாதி என்று நினைத்து ஒரு பிரேசில் இளைஞரை ரயிலுக்குள்ளேயே போலீஸ் சுட்டுக் கொன்றது. எலக்ட்ரீஷியன். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

மூன்றாம்வரிசை:
அதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்த வருஷங்களில் ஒரு தடவை ரயிலில் எதிரே ஒரு தாடிக்காரர் பையைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டேன். போகிறபோது பார்த்தேன், அவர் கையில் மாத்திரை அட்டை.

கடலோடி:
நானாக இருந்தாலும் போயிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன்.

மூன்றாம்வரிசை:
போனது பரவாயில்லை. நான் ஏன் எழுந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.