சமூக ஊடகப் பதிவுகளைத் திரட்டிப் பொதுமக்கள் கருத்து என்று எழுதலாமா?

கேள்வி: ஆய்வு மாணவி

வணக்கம். இணையவழித் தேர்வுகளைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டு, மூன்று ஹேஷ்டேக்குகளின் வழியாக ஏறத்தாழ 40,000 பதிவுகளைத் திரட்டியிருக்கிறேன். இவ்வளவு எண்ணிக்கை இருந்தும் இதைப் பொதுமக்கள் கருத்து என்று எழுதக்கூடாது என்கிறார் என் நெறியாளர். ஏன் என்று விளக்க முடியுமா?

மறுமொழி 1: புள்ளியியல் ஆசிரியர்

நெறியாளர் சொல்வதே சரி. எண்ணிக்கை பெருகுவதால் மாதிரியின் சாய்வு, அதாவது ஒரு சாராரே அதில் மிகுதியாக இடம்பெறும் குறை, குறைந்துவிடாது. 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்கும் ஏறத்தாழ 1 கோடி அட்டைகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்று கணித்தது. ஆனால் 48 மாநிலங்களில் 46ஐ அவரை எதிர்த்து நின்ற அதிபர் ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலான முகவரிகள் எடுக்கப்பட்டிருந்தன. அட்டையைத் திருப்பி அனுப்பியவர்களோ அவர்களிலும் ஒரு பகுதியினர்தாம். உங்கள் தரவிலும் இதே சிக்கல் இருக்கிறது, சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. அமெரிக்க ட்விட்டர் பயனர்களில் மிகுதியாக எழுதும் 10 விழுக்காட்டினரே 80 விழுக்காடு பதிவுகளை எழுதியதாகப் பியூ ஆய்வு மையம் 2019இல் கண்டறிந்தது. ஆகவே, மறுபகிர்வுகளை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை எத்தனை கணக்குகள் எழுதியுள்ளன என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி 2: மொழித் தரவுப் பணியாளர்

ஹேஷ்டேக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒருவர் "இணையவழித் தேர்வு" என்றும், இன்னொருவர் "ஆன்லைன் எக்ஸாம்" என்றும், வேறொருவர் அதையே ஆங்கில எழுத்துகளிலும் எழுதுவார். ஹேஷ்டேக்கே இடாதவர்களும் பலர். "சர்வர் மறுபடியும் நின்றுவிட்டது, அருமையான ஏற்பாடு" என்ற கேலிப் பதிவை, கருத்துகளைத் தானாக வகைப்படுத்தும் கணினிக் கருவி பாராட்டு என்றே வகைப்படுத்தக்கூடும். எனவே சில நூறு பதிவுகளை இருவர் தனித்தனியே படித்து வகைப்படுத்தி, அவர்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் கப்பா அளவால் (தற்செயலான ஒற்றுமையைக் கழித்துவிட்டு ஒத்துப்போவதைக் காட்டும் எண்) கணக்கிட்ட பிறகே கருவியின் முடிவை ஏற்க வேண்டும்.

மறுமொழி 3: சமூகவியல் ஆய்வாளர்

பதிவு பொதுவில் இருக்கிறது என்பதாலேயே அதை எழுதியவர் ஆய்வுக்கு இசைந்துவிட்டார் என்று ஆகாது. ஒரு வரியை அப்படியே மேற்கோள் காட்டினால், தேடுபொறியில் இட்டு எழுதியவரைக் கண்டுபிடித்துவிடலாம். கருத்தை மட்டும் உங்கள் சொற்களில் தாருங்கள். திரட்டிய நாளையும் குறித்து வையுங்கள். பின்னர் அழிக்கப்பட்ட பதிவுகளை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆய்வு மாணவி

எண்ணிப் பார்த்தேன், பாதிக்கும் மேற்பட்டவை மறுபகிர்வுகள். தலைப்பில் "பொதுமக்கள் கருத்து" என்றிருந்ததை "ஹேஷ்டேக் இட்டு எழுதியோரின் கருத்து" என்று மாற்றி நெறியாளருக்கு அனுப்பியிருக்கிறேன். மூவருக்கும் நன்றி.